கோடு போடாத மேகசின்

வியாழக்கிழமை காலை ஆறு மணி பதினேழு நிமிடத்துக்கு அன்றைய நான்காவது மேகசின் பழுதானது.

சுட்டுக்கொண்டிருந்த ஜெர்ஃபின் கையைத் தூக்கினான். துப்பாக்கியின் கைப்பிடிக்குள்ளிருந்து மேகசினைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினான். நாச்சியார் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, இதுக்கு எத்தனாவது கோடு?"

"ஆறு."

"பத்தாவது பரீட்சையில எனக்கே இவ்ளோ கோடு விழல."

"பேசாம சுடு."

செவ்வாயில், நெடுங்குழிக் குடியிருப்பில், நாலாயிரம் பேர் தரைக்குக் கீழே வாழ்ந்தார்கள். நிலத்தின் ஆழத்திலிருந்த சூடுதான் அவர்களுக்கு மின்சாரம். அந்தச் சூட்டைத் தேடிப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களுக்குக் குடைவான் என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போதாவது ஒரு குடைவானுக்குப் புத்தி பிசகும். பாறையின் சூடு எது, மனிதச் சூடு எது என்று அதற்குத் தெரியாமல் போய், மனிதரைத் துளைக்க வரும். மின்சாரத்தில் இயங்கும் எந்த ஆயுதத்தையும் அது பத்தடி தூரத்திலேயே முடக்கிவிடும். ஆகவே ஸ்பிரிங்கும் வெடிமருந்தும் மட்டுமே கொண்ட பழைய காலத்துக் கைத்துப்பாக்கிகளைப் பூமியிலிருந்து வரவழைத்தார்கள். குடைவானின் அலகுகளுக்கு நடுவில் ஒரு கண் உண்டு. இரண்டு நொடி திறக்கும். அதற்குள் அதில் குண்டு பாய்ந்தால்தான் இயந்திரம் நிற்கும்.

பக்கத்துக் குடியிருப்புகளில் ஐந்தாறு முறை பிசகியிருந்தது. நெடுங்குழியில் பதினோரு வருடமாக ஒன்றும் நடக்கவில்லை.

நாச்சியார் ஆயுத அறையின் மெக்கானிக். மேகசின் என்பது ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்பிரிங், அதன் மேல் தோட்டாக்களைத் தாங்கும் ஏந்தி, அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா மேலே வராது. பெட்டியின் உதடு விரிந்தால் தோட்டா சரிந்து சிக்கும். செவ்வாயின் புழுதி கோதுமை மாவைவிட மெல்லியது. அது உள்ளே போனால் எல்லாமே நடக்கும். அவள் அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை உருவி, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதட்டைக் குறடால் நெருக்கி, மறுபடி பூட்டுவாள். பிறகு பெட்டியின் முதுகில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுவாள். இத்தனையாவது முறை பழுதானது என்பதற்கு அது அடையாளம். எண்ணெய் விடமாட்டாள். எண்ணெய் புழுதியைச் சேறாக்கும். வேர்வைக் கையோடு மேகசினைத் தொட்டால் காவலர்களுக்குத் திட்டு விழும்.

"ஈரம் ஒரு சொட்டு உள்ள போச்சு, நீ செத்த" என்பாள். பன்னிரண்டு காவலர்களில் ஒருவன் அவள் கணவன் வேதமுத்து. அவனுக்கும் அதே திட்டுதான்.

இவை பயிற்சி மேகசின்கள். காவலுக்கு வேறு மேகசின்கள் இருந்தன. ஆளுக்கு இரண்டு. கோடு விழாதவை. கண்ணாடி அலமாரியில், பெயர் எழுதிய குழிகளில், தோட்டா நிரப்பியபடியே இருக்கும். முறைக்குப் போகிறவன் எடுத்துச் செல்வான். முடிந்ததும் அப்படியே கொண்டுவந்து வைப்பான். பதினோரு வருடத்தில் அவற்றிலிருந்து ஒரு குண்டுகூடப் பாய்ந்ததில்லை.

அன்று பயிற்சி முடிந்ததும் நாச்சியார் பொறுப்பதிகாரி குலசேகரனிடம் போனாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"காவல் மேகசினையும் மாசத்துக்கு ஒரு தடவ பயிற்சியில சுட்டுப் பாக்கணும் சார்."

"ஏம்மா?"

"வேலை செய்யுதான்னு தெரியணும்ல."

அவர் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். இரண்டு கட்டம். "இந்த மாசம் பயிற்சி மேகசின் எத்தன பழுது? முப்பத்தொண்ணு. காவல் மேகசின்? பூஜ்யம். பதினோரு வருஷமா பூஜ்யம். எது நல்ல மேகசின்னு நீயே சொல்லு."

"சுட்டாத்தான சார் பழுதாகும்."

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா இருக்குறத எடுத்து எதுக்குப் பழசாக்கணும்? கல்யாணத்துக்குப் பூமியில இருந்து மாமனார் ஒரு சோபா அனுப்பினார். இன்னைக்கும் பாலித்தீன் உறை பிரிக்கல. புதுசு மாதிரியே இருக்கு."

"அதுல யாரு உக்காருவாங்க?"

"யாராவது பெரிய ஆள் வந்தா" என்றார் குலசேகரன். அவர் கேலி செய்யவில்லை.

மறுநாள் வேதமுத்துவுக்கு மூன்றாம் வாயிலில் காவல் முறை. நாச்சியார் ஆறு கோடு போட்ட மேகசினை அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"இது எதுக்கு நாச்சி?"

"ஆறு தடவ கெட்டு ஆறு தடவ பாத்தது. இதுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு எனக்குத் தெரியும். வச்சிக்கங்க."

"என்னைய மாதிரின்னு சொல்லு."

"உங்கள ஆறு தடவயோட விட்டேனா?"

வாயிலில் சோதனை. குலசேகரன் அந்த மேகசினை வெளியே எடுத்தார். முதுகிலிருந்த கோடுகளை விரலால் எண்ணினார். மற்ற காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காவலுக்குப் போறவன் கையில ஓட்ட ஒடசலா? நாலாயிரம் பேர் உசிரு, வேதமுத்து."

வேதமுத்து தலைகுனிந்து நின்றான். வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "இனிமே வேணாம்டி. மானம் போகுது."

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், பூமியின் பஞ்சாங்கப்படி, ஆயுத பூஜை வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கப்பலில் கால் கிலோ சந்தனத்தூள் வரும். அதில் பாதி ஆயுத அறைக்கு. குழைப்பது மெக்கானிக்கின் வேலை. பயிற்சி மேகசின்களைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளினார்கள். காவல் மேகசின்களை வாழையிலை அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக வைத்தார்கள். நாச்சியார் ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள். வேதமுத்துவின் இரண்டு மேகசின்களுக்கு வந்தபோது கை நின்றது. பிறகு சந்தனத்தைக் கட்டைவிரலால் தாராளமாக எடுத்து, மற்றவற்றைவிடப் பெரிதாக, அழுத்தி வைத்தாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது.

"சொந்தக்காரனுக்கு மட்டும் ரெண்டு பங்கா அக்கா?" என்றான் ஜெர்ஃபின்.

"உனக்கும் ஒருத்தி வருவா. அவ வைப்பா."

பூஜை முடிந்த பதினொன்றாம் நாள் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, மூன்றாம் வாயிலின் சுரங்கப் பாதையில் ஒரு குடைவான் பிசகியது. வாயிலில் வேதமுத்து தனியாக இருந்தான். எச்சரிக்கை மணியை அழுத்தினான். உள் கதவு மூடிக்கொண்டது. அவன் வெளிப்பக்கம் நின்றான். அதுதான் விதி.

கண்காணிப்புப் பதிவில் எல்லாம் இருந்தது. இரண்டு குண்டு பாய்ந்தது. இரண்டும் அலகில் பட்டுத் தெறித்தன. மூன்றாவது வரவில்லை. மேகசினின் அடியைத் தட்டினான். மேல்பகுதியை இழுத்து விட்டான். பயிற்சியில் செய்வதையெல்லாம் வரிசை தவறாமல் செய்தான். மேகசினைக் கழற்றி எறிந்து அடுத்ததை மாட்டினான். அதில் ஒன்று வந்தது. பிறகு அதுவும் இல்லை. கண் திறந்தது. அதை நோக்கி அவன் வெறும் துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான்.

பயிற்சிக் கூடத்திலிருந்து ஓடிவந்த ஜெர்ஃபின் உள் கதவில் சுடுவதற்கென்றே இருந்த துவாரம் வழியாகச் சுட்டான். பதினைந்து குண்டும் போயின. ஒன்பதாவதில் கண் உடைந்தது. அவன் கையிலிருந்தது ஆறு கோடு போட்ட மேகசின்.

அதற்குள் நாற்பது நொடி ஆகியிருந்தது.

வேதமுத்துவின் காரியம் முடிந்த மறுநாளே நாச்சியார் வேலைக்கு வந்தாள். குலசேகரன் அவனுடைய இரண்டு மேகசின்களை ஒரு தட்டில் வைத்து, தானே எடுத்துவந்தார். கண் சிவந்திருந்தது.

"கழுவித் துடைச்சு மட்டும் குடும்மா. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

அவள் ஒன்றின் அடித்தட்டைக் கழற்றினாள். ஸ்பிரிங் புதிதாக இருந்தது. உதடு விரியவில்லை. தோட்டாக்கள் கீழே விழவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் மூன்று சிறு துளைகள் உண்டு, எத்தனை தோட்டா மீதமென்று பார்ப்பதற்கு. மூன்றும் அடைபட்டிருந்தன. ஊசியால் குத்தினாள். மஞ்சளாக உதிர்ந்தது. துளை வழியே உள்ளே போன சந்தனம் செவ்வாயின் வறண்ட காற்றில் சிமென்ட் போல இறுகி, தோட்டாக்களைப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. வெளிப்பக்கத்தில், துளைகளின் மேல், கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

அவள் தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

இரண்டாவதைத் திறக்கவில்லை.

குலசேகரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மேசையில் சிந்திய மஞ்சள் பொடியைக் கைக்குட்டையால் துடைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அறிக்கையில புழுதின்னு எழுதியாச்சு. யாருகிட்டயும் எதுவும் சொல்லாத. உனக்காகத்தான் சொல்றேன்."

"மத்த பதினோரு பேரோடதையும் பிரிச்சுப் பாத்திரலாம் சார். இன்னைக்கே."

"பூஜ பண்ணி ஒரு மாசம்கூட ஆகல. இப்பப் போயிப் பிரிச்சா பசங்களுக்கு மனசு விட்டுப் போயிரும்."

"பட்டியல்ல இத எதுல போட்டீங்க?"

"காவல்ல பழுதுன்னு போட்டா பதினோரு வருஷக் கணக்கு போயிரும். பயிற்சிப் பழுதுல ரெண்டு கூட்டிட்டேன்."

வெளியே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவன் கையைத் தூக்கி மேகசினைப் பின்னால் நீட்டினான். வாங்க ஆளில்லாததால் நீட்டியபடியே இருந்தான்.

"இனிமே இது ரெண்டும் சாதாரண மேகசின் இல்லம்மா" என்றார் குலசேகரன். "அலமாரியில நடுவுல வைக்கிறோம். அவன் பேரோட. காவலுக்குப் போற ஒவ்வொருத்தனும் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவான். வெள்ளிக்கிழம பூஜ. கிண்ணத்துல மிச்சச் சந்தனம் இருக்கு. உன் கையாலயே வச்சிரு."

நாச்சியார் கழற்றிய மேகசினைத் திருப்பி, அதன் முதுகை அவர் பக்கம் காட்டினாள்.

"எந்த ஓட்டையில வைக்கட்டும் சார்?"