மூன்றாவது இறகு

கொலை வழக்கின் ஒரே தடயத்தின் மேல் உட்காருவதற்கும் ஒரு திறமை வேண்டும். 'அவசரம்' என்று எல்லோரும் கூப்பிடும் அவனுக்கு அது இருந்தது. டீச்சரிடம் உதவியாளனாகச் சேர்ந்த இரண்டே வருடத்தில், சொந்தப் பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். டீச்சர், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்வியைத் தரும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

அவன் துள்ளி எழுந்தபோது, இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அம்பு நாற்காலியில் கிடந்தது. அதன் மூன்று இறகுகளில் ஒன்று அவன் கால்சட்டையில் இருந்தது.

எதிரே, அம்பு செய்து விற்கும் அம்புக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "என் வீட்டுக்காரரை வெளியே கொண்டுவர இருந்தது இது ஒண்ணுதான். அதுலயா உட்காருவே?"

அவள் கொண்டுவந்த விஷயம் இதுதான். அண்ணனும் தம்பியும் வேட்டைக்குப் போனார்கள். அண்ணன் பன்றிக்குக் குறிவைத்தாராம். அம்பு திசை மாறி, தம்பியின் நெஞ்சைத் துளைத்து முதுகு வழியே வந்துவிட்டதாம். பழி அம்பு செய்தவர் தலையில் விழுந்தது. மூன்று இறகில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்ததைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் இப்போது லாக்கப்பில்.

இறகை ஏன் சாய்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். கொஞ்சம் சாய்த்தால் அம்பு சுழன்றுகொண்டே நேராகப் போகும், அதிகம் சாய்த்தால் வேகம் செத்துவிடும் என்றாள் அவள். பறவையின் இடது சிறகிலிருந்து எடுத்ததை இடப்பக்கம்தான் சாய்க்க வேண்டுமாம், வலது என்றால் வலப்பக்கம். அவள் கணவர் வாங்குவது இடது சிறகு மட்டும். ஒட்டும்போது பிடித்துக்கொள்ள அவரிடம் இருப்பது ஒரே இடுக்கி. அது இடப்பக்கம்தான் சாயும்.

டீச்சர் கழன்ற அந்தக் கோணல் இறகை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பிளேடால் இன்னொரு இறகையும் நெம்பி எடுத்தார். இரண்டு பேர் சேர்ந்து தடயத்தைக் கெடுத்ததில் அவசரத்துக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"என்ன தெரியுது டீச்சர்?"

"உனக்கு என்ன தெரியுது?"

மாலையில் இன்ஸ்பெக்டரோடு அண்ணன்காரரின் வீட்டுக்குப் போனார்கள். சுவர் அலமாரியில் வேட்டைப் போட்டிகளில் தம்பி ஜெயித்த கோப்பைகள் வரிசையாக இருந்தன. அண்ணனுக்கு ஒன்றுகூட இல்லை.

டீச்சர் அம்பை மேசைமேல் வைத்தார். "அம்புக்காரர் தூக்கக் கலக்கத்துல தப்புப் பண்ணியிருந்தா, தெரியாம கலந்து வந்த வலது சிறகு இறகை எடுத்து ஒட்டியிருப்பார். சாய்வு மாறியிருக்காது, இடுக்கி விடாது. இங்கே இறகு சரி, சாய்வுதான் தப்பு. இடுக்கி இல்லாம, வெறுங்கையால ஒட்டினது இது."

"அவசரத்துல கையாலயே ஒட்டியிருப்பான்," என்றார் அண்ணன்.

"அப்ப இதையும் பாருங்க. ஒழுங்கா இருந்த இறகுக்கு அடியில மரம் சுத்தமா இருக்கு. கோணலா இருந்ததுக்கு அடியில உங்க தம்பியோட ரத்தம் காய்ஞ்சிருக்கு. அம்பு பாஞ்சதுக்கு அப்புறம்தான் இதைப் பிச்சு மாத்தி ஒட்டியிருக்காங்க. மறுநாள் ஸ்டேஷன்ல கொடுக்கிற வரைக்கும் அம்பு யார் கையில இருந்துச்சு?"

அண்ணன் இறகையே பார்த்தார். இறகு விஷயமெல்லாம் தம்பிக்குத்தான் தெரியும், தான் கேட்டுக்கொண்டதே இல்லை என்றார். கேட்க இனி தம்பியும் இல்லை.

இன்ஸ்பெக்டர், பயத்தில் இறகை மாற்றினீர்களா, கை தவறித்தானே பட்டது என்று அவருக்குத் தப்பிக்க வழி காட்டுவதுபோலக் கேட்டார். அண்ணன் குனிந்து இறகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவசரத்தால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த முறை பார்த்து, அவர் எதிரே உட்கார்ந்தான்.

"பன்னி வந்துச்சா, வரலையா?"

அவர் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வரல தம்பி. அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நின்னான். குறி பார்த்துத்தான் விட்டேன்."