வென்டனின் மூன்றாம் நோட்டு

காலை எட்டு மணி. இரும்புப் பெட்டியைத் திறந்த கவுன்சில் எழுத்தர் நசரேத் உடனே போலீஸைக் கூப்பிட்டார். உள்ளே வைத்திருந்த வென்டனின் நோட்டைக் காணோம்.

டாரஸ் நீரிணையின் அந்தச் சிறு தீவில் போலீஸ் என்றால் தலாசா ஒருத்திதான். ஓடி வந்தாள்.

"பூட்டு உடையலையே?"

"சாவி எப்பவும் ஆணியிலதான் தொங்கும். ஊருக்கே தெரியும்."

"நல்ல காவல்! போய்க் கவுன்சில் தலைவரைக் கூட்டிட்டு வாங்க."

"யாரு, கமாயி அண்ணனையா?"

"எங்க வீட்டுப் பெரியவரைத்தான். என் வாயைக் கிண்டாதீங்க." கமாயி அவளுடைய மாமனார்.

நூறு வருடங்களுக்கு முன் வந்த ஆராய்ச்சியாளன் வென்டன், தீவில் மீன் பிடிக்கக் கட்டிய கல் பட்டிகள் எல்லாவற்றையும் அந்த நோட்டில் வரைந்திருந்தான். கடல் ஏறும்போது மீன் கற்சுவரைத் தாண்டி உள்ளே வரும், வற்றும்போது சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் அதைக் கட்டிய குடும்பத்தின் பெயர்கள். ஊரார் தொடுத்த கடலுரிமை வழக்குக்கு அதுதான் சாட்சி. நாளை நீதிபதி வருகிறார். நகல் செல்லாது, மூல நோட்டே வேண்டும் என்றிருந்தார். இது பத்திரமாக இருந்தால்தான் மற்ற ஐந்து நோட்டுகளும் ஊர் திரும்பும் என்பது அருங்காட்சியகத்தின் நிபந்தனை.

நோட்டைக் கொண்டுவந்த அருங்காட்சியக அதிகாரி ஹார்டிங்கைத் தலாசா விசாரித்தாள். அவர் தயங்காமல் பதில் சொன்னார்.

"கடைசியா யார் பார்த்தது?"

"எனோசா. நேத்து சாயங்காலம் வந்தான். கிழக்குப் பட்டிப் பேரை எல்லாம் ஒண்ணு விடாம சத்தமா வாசிச்சான். ஒரே கோபம். நான் கிளம்பிட்டேன்."

எனோசா கமாயியின் மகளைக் கட்டிய மருமகன். கிழக்குப் பட்டி தன் அப்பா வழிச் சொத்து என்பான். நோட்டு அது மனைவி வீட்டுச் சொத்து என்றது. "கொளுத்துங்கடா அதை!" என்று போன வாரம்தான் கூட்டத்தில் கத்தியிருந்தான்.

"நான் அந்தப் பக்கமே போகலைக்கா. படகு எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருந்தேன்," என்றான் எனோசா.

"பார்த்த ஆள்?"

"எஞ்சின்."

தலாசா வீடு வீடாகப் போனாள். பாய்களைப் புரட்டினாள், அரிசி மூட்டைகளைக் கவிழ்த்தாள், படகுகளில் இறங்கினாள். சொந்தக்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

"அக்கா, உன் தலையணையை மட்டும் ஏன் விட்டே?" என்றான் எனோசா.

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மாலை ஐந்து மணி. தலைமை நிலையத்துக்குத் தோல்வியைத் தொலைபேசியில் சொன்னாள். "புகார் கொடுத்த கவுன்சில் தலைவர் பேர்?" என்றார்கள். வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. ரிசீவரை நசரேத்திடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க."

"கமாயி!" என்று சிரித்தார் நசரேத்.

தலாசா அடுத்த கணம் வெளியே ஓடினாள்.

ஹார்டிங் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கிழக்குப் பட்டியில முதல் பேர் என்ன?"

"கமாயி. இப்போ இருக்கிறவரோட தாத்தா. அவர் பேரைத்தானே இவருக்கு வச்சிருக்காங்க?"

"அதை எனோசா சத்தமா வாசிச்சானா?"

"ஒண்ணு விடாம!"

"மாமனார் பேரை இந்த ஊர்ல யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. கோபத்துலயும் மாட்டாங்க, குடிச்சாலும் மாட்டாங்க. போலீஸ்காரி எனக்கே ஃபோன்ல வரலை. நோட்டை எடுத்தது நீங்கதான். கேமரா பெட்டியைத் திறங்க."

"விருந்தாளியோட பெட்டியையா?"

"விருந்தாளின்னு இதை மட்டும் சோதிக்காம விட்டேன். அந்த மரியாதைதான் என் நாளைக் கெடுத்துச்சு."

துணியில் சுற்றிய நோட்டு உள்ளே இருந்தது. ஹார்டிங் தலை குனிந்தார். "உப்புக் காத்து, கரையான்... இங்க இது தாங்காது. இது காணாம போனாத்தான் மத்த அஞ்சும் அங்கேயே பத்திரமா இருக்கும்."

"இந்த வழக்கத்தை வென்டன் முதல் நோட்டுலயே எழுதியிருக்கான் சார், நகல்ல நாங்க படிச்சிருக்கோம். மூலத்தை நீங்க பூட்டி வச்சீங்க. படிக்கலையே."

மறுநாள் நீதிபதி முன் நோட்டை வாசிக்க எனோசாவையே அழைத்தாள் தலாசா. பழி போட்டதற்கு அவளால் முடிந்த பரிகாரம் அது. அவன் கிழக்குப் பட்டிப் பக்கத்தைத் திருப்பி, முதல் பெயரில் விரல் வைத்து, நின்றான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் நீதிபதி.

எனோசாவின் வாய் திறக்கவில்லை. பின் வரிசையிலிருந்து கிழவர் எழுந்தார்.

"கமாயி," என்றார். "கட்டினவர் பேரும் அதான், என் பேரும் அதான். அடுத்ததை வாசிடா."

எனோசா அடுத்ததை வாசித்தான்.