தொட்டிலின் எடை

வெண்ணிலா வாசற்படி தாண்டி ஓராண்டாகிறது. குற்றம் எதுவும் செய்யவில்லை, வாங்கினாள், அவ்வளவுதான். அவளும் கணவன் செழியனும் ஆசைப்பட்டு வாங்கிய பொருட்கள் வீட்டுக்கான எடை வரம்பைத் தாண்டியதும் கதவு பூட்டிக்கொண்டது.

குப்பைமேடுகளில் இனி ஒரு கூடை கொட்டவும் இடமில்லை என்றானபின் வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஓர் உடைமைத்துகள். தெருவில் வீசினாலும் கடலில் போட்டாலும், மீட்டுப்பறவை என்ற பறக்கும் இயந்திரம் அதைக் கொத்திவந்து உடையவர் பால்கனியில் போட்டுவிடும். எரித்தால் சாம்பல் வந்து சேரும். தரைக்கடியில் இருக்கும் தளத்தராசு எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டே இருக்கும். வரம்பு மீறிய வீட்டாரை வெளியே விட்டால் இன்னும் வாங்கி வருவார்கள் என்று நினைத்துத்தான் கதவைப் பூட்டச் சொன்னார்கள். கடை வீட்டுச் சுவரிலேயே இருப்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். மறந்துவிடும்படி யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்றும் பேச்சு.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பிடிவாதமாக இருந்தாள். மூச்சுமுட்டும் இந்த வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே பிள்ளை பெற அவளுக்குப் பயமாக இருந்தது.

வந்துபோகும் விருந்தாளிகளுக்குக் கதவு தடை சொல்வதில்லை. அப்படி விழுப்புரத்திலிருந்து வந்த அம்மா புனிதவதிதான் வழி கண்டுபிடித்தாள்.

"ரெண்டு கையாலயும் வாங்கிட்டா பொருள் அவங்களோடதுன்னுதானே சட்டம்? வளைகாப்புக்கு வர்றவங்க தாம்பூலத்த வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

"பாவம் இல்லையாம்மா? அவங்க கதவு பூட்டிக்குமே."

"மொதல்ல உன் கதவு தொறக்கட்டும்டி. அப்புறம் பாவம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை வளைகாப்பு நடந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அவற்றுக்கு அடியில் இரும்பு தோசைக்கல். அடுத்த பையில் பழைய மிக்சி. அதற்கடுத்ததில் ஒரு ஜோடி உடற்பயிற்சிக் குண்டுகள். பையைத் தூக்கியதும் ஒவ்வொருத்தி முகமும் தொங்கிப்போனது. ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சி கொடுக்கும் வெற்றிலை பாக்கை மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. எதிர்வீட்டு நாச்சியார் மட்டும், "நல்லா இரும்மா" என்று சொல்லிக் குண்டுகளைச் சுமந்துகொண்டு போனாள். அவள் உள்ளே போன சற்று நேரத்தில் அந்தக் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் இங்கே வரை கேட்டது. வெண்ணிலாவுக்குச் சுருக்கென்றது.

கடைசிப் பை போனதும் வாசல்விளக்கு பச்சையானது. கதவு தானாகத் திறந்தது. வராந்தாக் காற்று முகத்தில் பட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கெளம்பலாங்க, வாங்க!"

புனிதவதி குறுக்கே கை நீட்டினாள். "மணி பத்தரை ஆயிடுச்சு. ராகுகாலத்துல புள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட விடுவேனா? பன்னெண்டு அடிக்கட்டும்."

திறந்த கதவைப் பார்த்தபடி மூவரும் உட்கார்ந்தார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் வேலையைக் காட்ட, புனிதவதி நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். செழியனும் கொட்டாவி விட்டான். அப்போதுதான் சுவர்த்திரை ஒளிர்ந்தது.

"வாழ்த்துகள்! உங்கள் வீட்டில் பதினோரு கிலோ இடம் காலியாக இருக்கிறது. வீணாக்கலாமா?"

திரையில் ஒரு தொட்டில். தானே ஆடும், தானே பாடும், குழந்தை அழுதால் தாயின் குரலில் பேசும். வெண்ணிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பார்த்தாள்.

"எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

"பதினாலு கிலோன்னு போட்டிருக்கு. வேணாம் நிலா."

"பிறக்கவிருக்கும் குழந்தைக்கும் எடைப்பங்கு உண்டு" என்றது சுவர். "கூடுதலை அதில் கழித்துக்கொள்ளலாமா?"

"புள்ளைக்கு வாங்கறதுதானே? புள்ளை கணக்குலயே இருக்கட்டும்" என்றாள். அது நியாயமாகத்தான் தோன்றியது. செழியன் வாயெடுப்பதற்குள், "சரி" என்று சொல்லிவிட்டாள்.

சுவர்க்கடை தாமதம் அறியாது. புனிதவதி கண்விழித்தபோது மீட்டுப்பறவையின் உடன்பிறப்பு ஒன்று பால்கனியில் இறங்கியிருந்தது. வெண்ணிலா இரண்டு கைகளாலும் தொட்டிலை வாங்கி, சிரித்துக்கொண்டே கூடத்தில் வைத்தாள். விளக்கு சிவந்தது. கதவு மூடிக்கொண்டது.

"குழந்தை கணக்குல கழிக்கறேன்னு சொன்னியே!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"கழித்துவிட்டோம். குழந்தை பிறந்ததும் பங்கு நடப்புக்கு வரும். கதவும் அப்போது திறக்கும். பிரசவத்துக்கு மருத்துவச்சி வீட்டுக்கே வருவார். நன்றி."

புனிதவதி தன் பையைத் திறந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திப் புடவை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூளி கட்டலாம்னு எடுத்து வச்சிருந்தேன்டி. நீ தூங்கின தூளி."

வெண்ணிலா கதவில் சாய்ந்து அழுதாள். பன்னிரண்டு அடித்தது. நல்ல நேரம் வந்துவிட்டது. விருந்தாளியான அம்மாவுக்கு மட்டும் கதவு திறந்து மூடியது. புடவையை அவள் விட்டுச்செல்லவில்லை. அதற்கும் எடை உண்டு.

அழுகைச் சத்தம் கேட்டுத் தொட்டில் தானே ஆட ஆரம்பித்தது. "அழாதே கண்ணு, அம்மா இருக்கேன்" என்று வெண்ணிலாவின் குரலிலேயே அவளுக்கு ஆறுதல் சொன்னது.