முழு மாத்திரைக்காரி

“மீதிப் பாதிய யாரு முழுங்கினது? அத மட்டும் சொல்லுங்க.”

“உன் மாத்திரை எனக்கு எதுக்குடி? எனக்கென்ன தோள் வலிக்குதா?”

தையல்காரியும் அவள் புருஷன் பூட்டுக்காரரும் இப்படிக் கத்திக்கொண்டது தெருமுனை வரை கேட்டது. காதை மூடிக்கொள்ளும் பழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது.

தோளும் இடுப்பும் உள்ளே அழற்சி கண்டு இறுகிப்போகிற வியாதி அவளுக்கு. ஸ்டீராய்டு கொடுத்ததும் வலி போன இடம் தெரியவில்லை. கன்னம் உப்பி முகம் வட்டமானது. தூக்கம் போனது. மெஷினை மிதித்துக்கொண்டே பாடினாள், கண்டதையும் தின்றாள், புருஷனைச் சீண்டிச் சிரித்தாள். பிறகு டாக்டர் மெல்ல மெல்லக் குறைக்கச் சொன்னார். உடம்பு அதைத் தானாகச் சுரப்பதையே மறந்திருக்கிறதாம், சட்டென்று நிறுத்தினால் ஆபத்தாம். அதனால் மாத்திரையை உடைத்து ஒரு பாதியை விழுங்கி, மறு பாதியை மறுநாளுக்கென்று டப்பாவில் வைப்பாள். மறுநாள் டப்பா காலியாக இருக்கும்.

அதைக்கூட மன்னித்திருப்பாள். சண்டை ஓய்ந்தபோது அவர் முணுமுணுத்ததுதான் நெஞ்சில் தைத்தது.

“முழு மாத்திரை போட்டப்ப நீ எவ்வளவு கலகலன்னு இருந்த.”

அன்றிலிருந்து அந்த முழு மாத்திரைக்காரியை அவள் மனசுக்குள் திட்டத் தொடங்கினாள். தன்மேலேயே வயிறெரிகிற பெண்ணை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

விடியும்போதுதான் தோள் மிகவும் இறுகும். போர்வையைத் தள்ளவும் முடியாமல் அவள் கிடக்கையில், முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தமும், வெங்காயம் வதங்கும் வாசனையும், தன்னிடம் பேசும்போது எப்போதோ ஒழிந்துபோன பழைய குரலில் புருஷன் சிரிப்பதும், கதவின் அடியில் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு ஒரு நிழல் போய்வருவதும் தெரியும். சுவரைப் பிடித்து எழுந்து போனால் யாருமில்லை. மெஷின் ஊசி சூடாக இருந்தது. அதன் அடியில் ஒரு ரவிக்கை. அவள் துணி, அவள் தையல். அளவு மட்டும் பெரிது.

வந்துபோகிறவள் மாடிவீட்டு நர்ஸ் என்றுதான் முதலில் சந்தேகம். மாத்திரையின் அருமை தெரிந்தவள் ஆயிற்றே. நாங்களும் கொஞ்சம் தூபம் போட்டோம், பொய் சொல்வானேன். தையல்காரி பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், காலையில் தன் வீட்டுக்கு எவள் வருகிறாள் என்று விசாரித்தாள்.

“யாரும்மா வரா? விடியும்போதே நீதான வாசல்ல நின்னு சிரிச்ச? கன்னம் திரும்பவும் பூசினாப்ல ஆயிடுச்சேன்னு நெனச்சேன்.”

தையல்காரி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு.

டப்பாவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு தூங்கினாள். அப்படியும் காலியானது. அவள் பாதியிலிருந்து கால் மாத்திரைக்கு இறங்கியபோது மீதி முக்காலும் போயிற்று. அப்போதுதான் கணக்குப் புரிந்தது. இவள் குறைக்கக் குறைக்க அந்த முழு மாத்திரைக்காரிக்குக் கூடுகிறது.

டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் சந்தோஷமாக, இனி மாத்திரையே வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை தோள் அசையவில்லை. கழுத்தும்.

கதவு திறந்தது.

வட்ட முகம். புது ரவிக்கை. கண்ணாடி முன் உட்கார்ந்து கொண்டை போட்டாள். கை மேலே போனது. இரண்டு கையும். தலைக்கு மேலே. முகம் சுளிக்கவில்லை.

பூட்டுக்காரர் அவள் பின்னால் வந்து நின்றார். கட்டிலை ஒருமுறை பார்த்தார், காலி மெத்தையைப் பார்ப்பதுபோல.

“கிளம்பலாமா?”

கட்டிலில் கிடந்தவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். அதுவும் இறுகியிருந்தது.

அந்த வாரமே அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். வாசலுக்கு வந்து வழியனுப்பினோம். வியாதி தீர்ந்து எவ்வளவு நன்றாக இருக்கிறாள் என்று கண்ணும் வைத்தோம். கட்டிலை மட்டும் மெத்தையோடு விட்டுப் போனார்கள். வீட்டுக்காரரின் மகள் கல்யாணமாகி இப்போது அங்கேதான் இருக்கிறாள். இந்த மெத்தையில் எவள் படுத்தாள் என்று புருஷனோடு ஓயாத சண்டை. எத்தனை முறை தட்டிப் போட்டாலும் நடுவில் ஓர் ஆள் கிடந்த பள்ளம். விடிகிற நேரத்தில், தோள் இருக்க வேண்டிய இடத்தில், அது கொஞ்சம் எழும்பப் பார்த்து, மறுபடி அமுங்குகிறது.