ஐந்தாவது சாட்சி

லிப்ட் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெய்ரூத்தின் அந்தப் பழைய கட்டடத்துக்கு நஹ்லாவும் ஃபாதியும் குடிவந்தார்கள். முந்தைய வீட்டின் இருட்டுப் படிக்கட்டில் விழுந்து நஹ்லாவுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு. புது வீடு ஆறாம் மாடியில்.

வந்த அன்று, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அபூ இல்யாஸ் லிப்டின் மரக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மூன்று பேர் நெருக்கி நிற்கலாம். உள்ளே, நனைந்த துணியைப் பல நாள் மூட்டை கட்டி வைத்ததுபோல ஒரு வாடை.

"மதாம், அரசாங்கக் கரண்ட் இங்க வர்றதேயில்ல, தெரு ஜெனரேட்டருக்குச் சந்தா கட்டித்தான் எல்லாம் ஓடுது. மத்தியானம் மூணு மணிக்கு அதை அணைச்சுடுவாங்க. அஞ்சுக்குத்தான் திரும்பப் போடுவாங்க. மூணு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே இந்த லிப்டை மறந்துடுங்க."

"மாட்டிக்கிட்டா?" என்றான் ஃபாதி.

"மேல போய் சக்கரத்தைக் கையால சுத்தித்தான் நகர்த்தணும். என் முதுகு தாங்காது, சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நின்னா எப்பவும் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான் நிக்கும். ஏழாம் மாடி வாத்தியார் போன மாசம் ரெண்டு மணி நேரம் உள்ள மாட்டிக்கிட்டாரு. வெளிய வந்தவரு யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. மறுநாளே வீட்டைக் காலி பண்ணிட்டாரு."

"பேய்கிட்டயும் ஜெனரேட்டர் சந்தா வாங்கறீங்களா?" என்று ஃபாதி சிரித்தான்.

அபூ இல்யாஸ் சிரிக்கவில்லை.

நாலு சுவருக்குள் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பது நஹ்லாவுக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தது. ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் முதுகு. பேச ஆளில்லை. அப்போதுதான் செல்போனில் அந்த இலவசத் துப்பறியும் விளையாட்டை இறக்கினாள். ஒரு பழைய குடியிருப்பு. ஒரு மத்தியானம் வீட்டிலிருந்து கிளம்பிய பெண் தெருவுக்கு வந்து சேரவேயில்லை. காவலாளி, பல் டாக்டர், நாத்தனார், ரொட்டிக் கடைக்காரன் என்று நாலு சாட்சிகள். விளையாடுபவர் கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் பதில் எழுதுவார்கள்.

இலவசம் என்றால் எப்படி இலவசம்? ஐந்து மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். ஒரு தேர்வுக்கு ஒன்று அணைந்துவிடும். தீர்ந்தால் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும். மூன்று நாளாக நஹ்லா ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்டிருந்தாள்: 'அவளைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?' நாலு பேரும் திருப்பித் திருப்பித் தெரியாது என்றார்கள். அந்தப் பதிலுக்காக அவள் இதுவரை இருபது சலவைத்தூள் விளம்பரமாவது பார்த்திருப்பாள்.

"என்ன மேடம் இன்ஸ்பெக்டர், இன்னும் கொலைகாரன் கிடைக்கலையா?" என்றான் ஃபாதி, அன்று காலை சட்டை மாட்டிக்கொண்டே.

"நாத்தனார்தான் பண்ணியிருப்பா. அப்படியே உங்க அக்கா முகம்."

"அக்கா காதுல விழுந்தா அடுத்த கேஸ் நீதான்." அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு ஓடினான்.

அந்த வாரம் நாட்டில் இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள் வந்தபோது, இப்போதைக்கு வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பாதிப் பேர் கேட்டார்கள். பாதிப் பேர் கேட்காமல் கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டார்கள். ஃபாதி வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பழைய மணி. நஹ்லாவின் போனிலோ புது மணி.

நண்பகலில் தண்ணீர்க் கேன் கொண்டுவந்த அபூ இல்யாஸிடம் அவள் கேட்டாள். "ஜெனரேட்டர்காரர் எந்த மணி?"

"புது மணி, மதாம். காலையிலதான் சொல்லி அனுப்பினாரு."

ஃபாதியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு விளையாட்டில் மறந்துபோனாள்.

இரண்டே முக்காலுக்குச் சாட்சிகளின் பட்டியலைத் திறந்தபோது அதில் ஐந்து பேர் இருந்தார்கள்.

மற்ற நாலு பேருக்கும் படம் இருந்தது. ஐந்தாவது ஆளுக்குக் கறுப்புக் கட்டம் மட்டும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்' என்றிருந்தது.

நஹ்லாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். இதை மூன்று நாள் முன்னாலேயே கொடுத்திருக்கக்கூடாதா? கையில் இரண்டு மெழுகுவர்த்தி மிச்சம். வழக்கமான கேள்வியை அழுத்தினாள்.

'அவளைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?'

பதில் மெதுவாக, எழுத்தெழுத்தாக வந்தது.

'மூன்று நாளாகக் கேட்கிறாய்.'

கடைசி மெழுகுவர்த்தி. 'நீங்கள் யார்?'

'உன் கணவன் கீழே வந்துவிட்டான். கையில் சூடான ரொட்டி.'

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் விளிம்பில், ஃபாதி தெருவிலிருந்து அனுப்பிய செய்தி வந்து விழுந்தது. 'சீக்கிரம் விட்டுட்டாங்க. சூடா ரொட்டி வாங்கியிருக்கேன். மணி ரெண்டுகூட ஆகல, லிப்ட்லயே வரேன்.'

போனில் மணி இரண்டு ஐம்பத்தைந்து.

அவனுக்கு அழைத்தாள். போகவில்லை. கட்டட வாசலில் எப்போதும் சிக்னல் கிடையாது. 'ஏறாதே' என்று அனுப்பினாள். அதுவும் போய்ச் சேரவில்லை. ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாவுக்கட்டைத் தரையில் இழுத்தபடி வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். லிப்டின் கம்பி வலைக்குப் பின்னால் எண்ணெய் வழியும் வடம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ லிப்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஃபாதி, ஏறாதே. நடந்து வா."

அவள் குரல் அந்தக் கிணறு போன்ற பள்ளத்துக்குள் போய் அப்படியே அமுங்கிப்போனது. எதிரொலிகூட வரவில்லை.

வடம் நின்றது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. விளையாட்டில் புதிதாக ஒரு கேள்வி. 'அவன் எதில் வரவேண்டும்?' கீழே இரண்டு பொத்தான்கள். லிப்ட். படிக்கட்டு.

நஹ்லா படிக்கட்டை அழுத்தினாள்.

'மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. நாற்பது நிமிடம் காத்திருக்கவும் அல்லது விளம்பரம் பார்க்கவும்.'

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே விளம்பரத்தை அழுத்தினாள். சிரிக்கும் குடும்பம். வெள்ளைச் சட்டைகள். முப்பது விநாடி. முடிந்ததும் மூலையில் கடுகளவு ஒரு பெருக்கல் குறி வந்தது. விரல் தவறி அதன் பக்கத்தில் பட, சலவைத்தூள் வாங்கும் பக்கம் திறந்துகொண்டது. பின்னால் வந்தாள். மறுபடி முதலிலிருந்து அதே குடும்பம், அதே சிரிப்பு.

இரண்டு ஐம்பத்தெட்டு.

கீழே மரக்கதவு திறக்கும் ஓசை கேட்டது.

இருபது. பத்து. ஐந்து. மூச்சை அடக்கிக்கொண்டு பெருக்கல் குறியைத் தொட்டாள். ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

படிக்கட்டு.

கீழே கதவு சாத்தப்பட்டது. வடம் மறுபடி நகர்ந்தது. லிப்ட் மேலே வந்துகொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு மாடியாக அது தாண்டும் சத்தத்தை எண்ணினாள். நான்கு.

எல்லா விளக்கும் அணைந்தது.

தெருவில் ஜெனரேட்டரின் உறுமல் நின்றதும் கட்டடமே செவிடானதுபோல இருந்தது. கம்பி வலை வழியாக அந்த ஈரத்துணி வாடை மேலே ஏறி வந்தது. நஹ்லா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நெடுநேரம் கழித்து, படிக்கட்டில் காலடிச் சத்தம்.

"இந்த ஜெனரேட்டர்காரனை என்ன பண்ணா தகும்?" ஃபாதி மூச்சிரைக்க வந்து நின்றான். கக்கத்தில் ரொட்டிப் பொட்டலம். "அட, நீ ஏன் தரையில உக்காந்திருக்க? விழுந்துட்டியா?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, மார்பில் முகம் புதைத்து அழுதாள். அவன் திகைத்துப்போய் அவளைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து சோபாவில் உட்காரவைத்தான். காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான்.

"நீ ஏன் லிப்ட்ல ஏறல?"

"எங்க ஏற விட்டாங்க? உள்ள ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க. 'மகனே, இடமில்லை, நீ படியில போ'ன்னாங்க. ஒரே ஒரு ஆளு, நஹ்லா. இடமில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு..."

நஹ்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேற என்ன சொன்னாங்க?"

"எந்த மாடின்னு கேட்டேன். ஆறாவதுன்னாங்க. உன்னைத் தெரியும்போல. 'உன் வீட்டுக்காரி மூணு நாளா ஒரே கேள்வியைக் கேக்கறா, நேர்ல பதில் சொல்லிட்டுப் போறேன்'னாங்க. யாரு அது? பாவம், இப்ப நடுவுல மாட்டிக்கிட்டாங்க. திரும்ப இறங்கிப்போய் அபூ இல்யாஸ்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். பின்னாலயே வந்துட்டிருந்தாரு, இந்நேரம் மேல போயிருப்பாரு."

மாடிக்கு மேலே இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டுச் சுற்றுவது கேட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு அவர் இறங்கிவரும் காலடி, ஐந்தாம் மாடியில் மரக்கதவு திறக்கும் ஓசை.

நஹ்லா சோபாவின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"ஃபாதி," என்று கீழிருந்து அவர் குரல் வந்தது. "இதுல யாரும் இல்லையே."

அபூ இல்யாஸின் காலடிகள் கீழே கீழே இறங்கி, தெருச் சத்தத்தில் கலந்துபோயின.

நஹ்லா போனைத் திருப்பினாள். சாட்சிகளின் பட்டியலில் நாலு பேர்தான் இருந்தார்கள். பட்டியலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'ஐந்தாவது சாட்சி புறப்பட்டுவிட்டார்.'

வாசலில் அழைப்பு மணி அடித்தது.

ஃபாதி பழக்கத்தில் எழுந்தான். "அபூ இல்யாஸா இருக்கும்."

நஹ்லா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கரண்ட் இல்ல, ஃபாதி," என்றாள், உதடு மட்டும் அசைய.

மணி மறுபடியும் அடித்தது. இந்த முறை விரலை எடுக்காமல்.