பாரத்தின் கடைசி வரி

குளுவாங் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நின்றது அந்தப் பழைய ஆஸ்பத்திரி. மதியம் இரண்டு மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பயிற்சி டாக்டர் லோஷினி ஏழாம் வார்டுக்குள் நுழைந்தாள். கையில் ஒரு பாரம், நிரப்பித் தரவேண்டிய படிவம், இருந்தது.

புது டிபார்ட்மெண்டில் முதல் இரண்டு வாரம் 'டேகிங்', சீனியர்களை ஒட்டிக்கொண்டே வேலை பழகும் காலம். விடியுமுன் வந்து இரவு பத்துக்குத்தான் வீடு திரும்ப முடியும். இன்றோடு அது முடிகிறது; இந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பாரத்தின் கடைசி வரி, 'நோய் ஏதும் உண்டா?' என்று கேட்கும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதுவார்கள். 'உண்டு' என்றால் பயிற்சிக் காலம் நீளும் என்பது ஊரறிந்த ரகசியம். வைத்தியம் படித்தவர்களின் லட்சணம் இது!

லோஷினிக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலிக்கும், எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. "ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல, நடிக்கிறியா?" என்று தலைமை டாக்டர் விஜயன் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

"'இல்ல'ன்னு போட்டுக் குடுத்துரு லா," என்றாள் சீனியர் ரூபினி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடைசி ரூம்ல மட்டும் உக்காராத."

ஆனால் கால் அதற்கு மேல் நிற்க மறுத்தது. வேறு நாற்காலியும் இல்லை. லோஷினி அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள். யாரோ அப்போதுதான் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாடை அடித்தது. இடி விழுந்தது. மின்சாரம் போய், காற்றாடி முனகிக்கொண்டே நின்றது.

பேனாவைத் திறந்தாள்.

பிடரியில் ஒரு விரல் அழுந்தியது.

பனிக்கட்டியாய்க் குளிர்ந்த விரல். பிடரி, தோள், முழங்கை என்று வலிக்கிற இடமாகத் தேடித் தேடி அழுத்தியது. நோயாளிகளைச் சோதித்துப் பழகிய டாக்டரின் விரல்.

"இல்லன்னு எழுது," என்றது ஒரு பெண்குரல், காதருகே. "நான் அப்படித்தான் எழுதினேன்."

கை தானாகப் பாரத்துக்கு நகர்ந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தை விழுங்குகிற கோபம்.

"எழுதி என்னக்கா ஆச்சு?" என்று கிசுகிசுத்தாள். "இன்னும் இங்கதான இருக்கீங்க?"

விரல் நின்றது.

"எக்ஸ்டெண்ட் பண்ணா பண்ணட்டும். நான் பொய் எழுத மாட்டேன்."

'உண்டு. ஃபைப்ரோமயால்ஜியா' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மின்சாரம் வந்தது. அறையில் யாருமில்லை. நேரே விஜயனின் அறைக்குப் போய், பாரத்தை அவர் மேசையில் வைத்தாள்.

அதைப் படித்த விஜயனின் முகம் வெளுத்தது.

"கீழ இது யாரு எழுதினது?"

அவள் வரிக்கு அடியில், சாய்ந்த சின்ன எழுத்தில் ஒரு சொல் இருந்தது.

எனக்கும்.

"இந்த எழுத்து... ஏழு வருஷத்துக்கு முன்ன அந்தக் கடைசி ரூம்ல செத்துப்போன பயிற்சி டாக்டரோடது..." விஜயன் அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

லோஷினிக்குக் கால் கடுத்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"ரெண்டு பேரோடதையும் ஃபைல்ல வைங்க, டாக்டர்."

அவர் பாரத்தை எடுக்கக் கை நீட்டினார். யாரும் பேனாவைத் தொடவில்லை. அந்தச் சொல்லின் அடியில், எழுத்தெழுத்தாக, ஒரு கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது.