கைக்கு எட்டும் சுவர்

பூச்சுக்காரர் கட்டிலில் படுத்தபடி இருமினார். இருமல் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

அந்த வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. அங்கே இருமினால் அது மூக்குக்கு முன்னாலேயே செத்துவிடும். போய்வர இடம் கிடையாது. படுத்துக் கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர், நின்றால் உச்சந்தலையில் கூரை. பழைய கப்பலின் அறைகளைக் கழற்றித் தரையில் வரிசையாக அடுக்கி, இடையிடையே நடைவழி ஒட்டி, ஜன்னல் என்ற கெட்ட வார்த்தைக்கே இடம் கொடாமல் கட்டிய ஊர் அது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பாழ்வெளியைத் தாண்டி வந்த வம்சம்தான். வாசலைத் தாண்டச் சொன்னால் வாந்தி எடுக்கும். இவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பறக்கத் தெரிந்த எந்த இனத்துக்கும் இதே வியாதி. எட்டுக்கால் சனங்கள் ஆளுக்கொரு குடத்துக்குள் உட்கார்ந்தேதான் தேசாந்தரம் போவார்கள். கல்யாணத்துக்குக் குடத்தோடு குடத்தை இடித்துக்கொண்டால் போதும்.

பசை விற்கிற பெட்டிக்காரரும் வேற்று இனம். சக்கரம் வைத்த பெட்டிக்குள் வாசம், கீற்றுத் துவாரம் வழியாக வியாபாரம். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை, பெண்டாட்டி உட்பட என்று கேள்வி. அன்று மத்தியானம் வந்தவர் உள்ளே நுழைந்து பெட்டியைத் திருப்பினார்.

"என்ன பூச்சுக்காரரே, வீட்டை இடிச்சுப் பெருசாக்கிட்டீங்களா?"

"இருக்கிற வேலையில அது ஒண்ணுதான் குறைச்சல். ஏன் கேக்கறீங்க?"

"இங்க திரும்பினா என் பெட்டி ரெண்டு பக்கமும் இடிக்கும். இன்னிக்கு இடிக்கலையே."

துவாரம் மூடிக்கொண்டது. பேரம் பேசாமல், ஒரு குவளைப் பசைகூட விற்காமல் அவர் போனது அதுவே முதல் தடவை.

பூச்சுக்காரரின் தொழில் சுவர் விரிசலைப் பசை வைத்து அடைப்பது. உள்பக்கத்து விரிசலில் அவரை மிஞ்ச ஆளில்லை. போன வருஷம் வெளிப்பக்கம் விரிசல் விட்டபோதுதான், கதவுவரை போனவருக்கு முழங்கால் கழன்றுவிட்டது.

"நகருங்க," என்றாள் அவர் பெண்டாட்டி. "தொடைநடுங்கிக்கு வாக்கப்பட்டா இதெல்லாம் சீதனத்துல சேர்த்தி." சிரித்துக்கொண்டே பசை வாளியைத் தூக்கினாள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டாள். வெளியே போகிறவர்கள் கண்ணைத் திறப்பதில்லை. உள்ளே ஒருவர் ஒரே இடத்தில் நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார்; அந்தச் சத்தத்தைப் பிடித்துத் திரும்பி வர வேண்டும். வீட்டுக்கு வீடு தட்டும் விதம் வேறு. இவர்களுடையது இரண்டு தட்டு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு தட்டு.

அவள் வர நேரமாயிற்று. பூச்சுக்காரர் பயந்துபோய், சத்தம் போதவில்லை என்று சுவருக்குச் சுவர் ஓடி ஓடித் தட்டினார். சத்தம் கேட்ட அக்கம்பக்கத்தாரும் பாசத்தில் சேர்ந்துகொண்டார்கள். கிண்ணம், கரண்டி, கைத்தடி, எல்லாவற்றாலும் ஊரே தன் சுவரை அடித்தது.

"எந்தப் பக்கம்?" என்று அவள் குரல் வெளியிலிருந்து கேட்டது.

இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஊரிலிருந்த எல்லாச் சுவரும் கூப்பிட்டன. அந்தக் குரல் ஊரைச் சுற்றியது. பிறகு ஊரை விட்டு விலகியது. கதவைத் திறக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அவருக்கும்தான்.

அன்று முதல் அவருக்கு மிஞ்சியது மகள் ஒருத்தி. இப்போது அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் காய்ச்சலோடு படுத்திருந்தாள். படுக்கும்போதும் விழிக்கும்போதும் அந்த ஊரார் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை இவர்களும் கேட்டுக்கொள்வார்கள். சுவர் இருக்கா? கைக்கு எட்டுது.

பூச்சுக்காரர் இடது கையை நீட்டினார். சுவர், விரல் நுனியில்தான் பட்டது. காலையில் உள்ளங்கை முழுக்கப் பட்டதே என்று நினைத்துப் புரண்டு படுத்தார். தலையணை நழுவிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. அங்கே நடுவே என்று ஒன்று இருந்ததே கிடையாது. அது தரையில் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து மூக்கில் ஒட்டியிருந்த பசை வாடையும் துரு வாடையும் மெல்ல இளைத்து, அந்த இடத்தில் ஈரமான, குளிர்ந்த ஏதோ ஒன்று வந்தது. பெண்டாட்டி வெளியே போன அன்றைக்குக் கதவிடுக்கில் வந்த வாடை. தலைக்கு மேலிருந்த விளக்கு ஒரு பொட்டு அளவுக்குச் சிறுத்திருந்தது.

மறுபடி இருமிப் பார்த்தார். இருமல் போனது. திரும்பி வரவில்லை.

"அப்பா." குரல் நீண்ட நடைவழியின் கடைசியிலிருந்து வருவது போலிருந்தது. "சுவர் இருக்கா?"

"இருக்கும்மா. கைக்கு எட்டுது." வெறும் காற்றைத் துழாவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு எட்டலைப்பா."

கட்டிலிலிருந்து இறங்கினார். தரை இருந்தது. தடுப்பு இருந்த இடத்தில் தரை. அதற்கு அப்பாலும் தரை. விளக்கு அணைந்ததோ, தூரம் போனதோ. இருட்டு. ஓடித் தேடலாமா என்று காலெடுத்து வைத்தவர் சட்டென்று உட்கார்ந்தார். வேண்டாம். ஓடக் கூடாது. ஒரே இடம். இந்தத் தடவை ஒரே இடம்.

"கண்ணை மூடிக்கோ. சத்தத்தைப் பிடிச்சுட்டு வா."

தரையில் தட்டினார். இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

வெறுங்காலின் சத்தம். தயங்கி, நின்று, மறுபடி. கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. காய்ச்சல் மூச்சின் இரைச்சல்கூடக் கேட்டது. கையை நீட்டினார்.

அப்போது எதிர்ப்பக்கத்தில், எங்கோ வெகு தொலைவில், யாரோ தட்டினார்கள். இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

கால்கள் நின்றன.

"எந்தப் பக்கம்?" என்றாள் மகள்.

"இந்தப் பக்கம்மா. அப்பா இங்க இருக்கேன்." குரல் வாயைத் தாண்டியதும் மெலிந்து கரைந்தது.

"இங்க வாடி கண்ணு," என்றது இன்னொரு குரல். போன வருஷம் கேள்வியாகவே சுற்றிச் சுற்றி வந்த குரல். "இங்க சுவர் இருக்கு."

"அம்மா," என்றாள் மகள். கேள்வியாக அல்ல.

கால்கள் ஓடின. அவரை விட்டு விலகி.

எழுந்தார். முழங்கால் கழன்றது. கதவருகே கழன்ற அதே முழங்கால். விழுந்த இடத்திலேயே தட்டினார். விரல் முட்டிகள் உரியத் தட்டினார். ஓடும் கால்கள் சிறுத்து, சிறுத்து, இல்லாமல் போயின.

பிறகு, அங்கிருந்து, தட்டு வந்தது. இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

இப்போது அதில் இரண்டு கைகள். ஒன்று சின்னது. நடுவே அந்த ஒரு மூச்சு நேரம், அவர் வருகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி தட்டின.